பழைய ஹேண்ட்போனில் புதிய நிலைப்பொருள்: போடுவதும் சிக்கினால் மீள்வதும்



வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஜூரோங் வெஸ்ட்டில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவர் முகம் வாடிப்போய் வந்தார். அவர் கையில் அம்மாவின் பழைய சாம்சங் கேலக்ஸி எஸ்5. "சார், போன் நல்லா ஓடுது. ஆனா ரெக்கார்டிங் எல்லாம் காணோம்" என்றார்.

அதில் மூன்று மாதமாக அவர் பதிவுசெய்த வாய்மொழிப் பயிற்சிகள் இருந்தன. பழைய ஜூரோங் பற்றித் தாத்தா சொன்னதைப் பதிவுசெய்த குரலும் இருந்தது. "பேக்கப் எடுக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "எடுத்தேன் சார், எஸ்டி கார்டுலயே இருக்கு" என்றார். உண்மைதான், பேக்கப் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு பதிவுகூட இல்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி புரிந்துவிடும்.

நிலைப்பொருள் என்றால் என்ன?

போனை இயக்கும் அடிப்படை மென்பொருளே நிலைப்பொருள். பேச்சு வழக்கில் ஃபெர்ம்வேர் அல்லது ரோம் என்கிறோம். அதை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளலாம்.

பூட்லோடர்: போனை ஆன் செய்ததும் முதலில் விழிக்கும் பகுதி. பள்ளி வாசலில் நிற்கும் காவலர் மாதிரி, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது இதுதான்.

ரிகவரி: பழுது பார்க்கவும் புதிய மென்பொருளை நிறுவவும் தனியாக ஒதுக்கிய சிறு அறை.

சிஸ்டம்: நாம் அன்றாடம் பார்க்கும் ஆண்ட்ராய்டு.

கஸ்டம் ஃபெர்ம்வேர் போடும்போது நாம் மாற்றுவது ரிகவரியையும் சிஸ்டத்தையும்தான். பூட்லோடரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் சிஸ்டம் பாழானாலும் பல நேரம் போனைக் காப்பாற்றிவிட முடிகிறது.

எதற்காகப் போடுகிறார்கள்?

எஸ்5 வெளிவந்தது 2014ல். நிறுவனம் அதற்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 6.0.1. அதற்குப் பிறகு பல செயலிகள் "உங்கள் போனுக்குப் பொருந்தாது" என்று சொல்லிவிடும். ஆனால் தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ்ஓஎஸ், அதே போனுக்கு ஆண்ட்ராய்டு 11ஐ அடிப்படையாகக் கொண்ட 18.1 பதிப்பு வரை கிடைத்தது. 2016 டிசம்பரில் சயனோஜன்மோட் திட்டம் நின்றபோது அதன் தொடர்ச்சியாகப் பிறந்ததே லினேஜ்ஓஎஸ்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தொடக்ககால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. தமிழில் படிக்க ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றியவர்கள் உண்டு. அது போதாமல் எழுத்துருவுக்காகவே போனை ரூட் செய்தவர்களும் உண்டு. இப்போது அந்தத் தேவை இல்லை. இப்போதைய தேவை, நல்ல நிலையில் உள்ள பழைய கருவியை வீசாமல் பயன்படுத்துவது.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. மாடல் எண்ணைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். எஸ்5ல் ஜி900எஃப் மாடலில் ஸ்னாப்டிராகன் சில்லு. ஜி900ஹெச் மாடலில் எக்ஸினாஸ் சில்லு. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒட்டிய தாளில் மாடல் எண் இருக்கும்.

2. பேக்கப் எடுங்கள், ஆனால் எது சேர்கிறது என்று தெரிந்து எடுங்கள். மாணவர் ஏமாந்தது இங்கேதான். டிடபிள்யூஆர்பி ரிகவரி எடுக்கும் பேக்கப், செயலிகளையும் அமைப்புகளையும் சேர்க்கும். படங்கள், குரல் பதிவுகள், பதிவிறக்கங்கள் இருக்கும் உள் சேமிப்பகத்தை அது சேர்க்காது. அவற்றைக் கணினிக்கு நீங்களே நகலெடுக்க வேண்டும். நகலெடுத்த பிறகு கணினியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து, ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

3. இஎஃப்எஸ் பகுதியையும் பேக்கப் எடுங்கள். போனின் ஐஎம்இஐ தொடர்பான தகவல் அங்கே இருக்கிறது. அது கெட்டால் சிக்னலே வராது.

4. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கேபிள், தரவு அனுப்பும் வகையா என்று பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும்.

நிறுவும் முறை (எஸ்5, ஸ்னாப்டிராகன் மாடல்)

1. நிலைப்பொருள் கோப்பையும் கூகல் செயலிகளின் கோப்பையும் எஸ்டி கார்டில் வையுங்கள். எஸ்5ன் சில்லு 32 பிட் வகை. ஆகவே கூகல் கோப்பு "ஆர்ம்" வகையாக இருக்க வேண்டும், "ஆர்ம்64" ஆகாது.

2. போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோட் மோட் வரும். எச்சரிக்கை தெரிந்ததும் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்துங்கள்.

3. கணினியில் ஒடின் மென்பொருளைத் திறந்து "ஆட்டோ ரீபூட்" குறியை எடுத்துவிடுங்கள். டிடபிள்யூஆர்பி கோப்பை "ஏபி" இடத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

4. "பாஸ்" என்று வந்ததும் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள். உடனே ஒலி கூட்டும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் அழுத்தி ரிகவரிக்குள் போங்கள்.

5. ரிகவரிக்குள் முதலில் பேக்கப். அதை எஸ்டி கார்டில் சேமியுங்கள். பிறகுதான் "ஃபார்மெட் டேட்டா". இது உள் சேமிப்பகம் முழுவதையும் அழித்துவிடும்.

6. நிலைப்பொருளை நிறுவுங்கள். போனை ரீபூட் செய்யாமல், தொடர்ந்து கூகல் கோப்பையும் நிறுவுங்கள். அதன் பிறகு ரீபூட். முதல் முறை திறக்கக் கால் மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட வேண்டாம்.

சிக்கலும் தீர்வும்

*ஒடினில் போன் தெரியவில்லை.* கேபிளை மாற்றுங்கள். சாம்சங் யுஎஸ்பி டிரைவர் கணினியில் இருக்கிறதா பாருங்கள்.

*டிடபிள்யூஆர்பி போட்டும் பழைய ரிகவரியே வருகிறது.* போன் தானாக ரீபூட் ஆகி, பழைய சிஸ்டம் தன் ரிகவரியைத் திரும்ப எழுதிவிட்டது. மூன்றாம் நான்காம் படிகளை மீண்டும் செய்யுங்கள்.

*"பிழை 7" என்று வருகிறது.* பெரும்பாலும், கோப்பு வேறு மாடலுக்கு உரியது என்று ரிகவரி சொல்கிறது. கோப்பில் உள்ள சோதனை வரியை நீக்கிவிடச் சொல்லும் காணொளிகள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். காவலர் தடுத்தால் காரணம் இருக்கும். சரியான கோப்பைத் தேடுங்கள்.

*அசைவுப் படத்திலேயே சுற்றுகிறது.* இருபது நிமிடம் பொறுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், பழைய சிஸ்டத்தின் தரவு புதியதோடு மோதுகிறது என்று பொருள். "ஃபார்மெட் டேட்டா" செய்து மீண்டும் நிறுவ வேண்டும். நம் மாணவர் முதலில் இதைச் செய்யாமல் விட்டு, போன் சுற்றியதும் பதற்றத்தில் செய்தார். போன் பிழைத்தது. பதிவுகள் போய்விட்டன.

*கூகல் செயலிகள் நின்றுநின்று போகின்றன.* வகை தவறு, அல்லது ரீபூட் செய்த பிறகு நிறுவியிருக்கிறீர்கள். ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

*சிக்னல் இல்லை.* *#06# தட்டுங்கள். எண் வரவில்லை என்றால் இஎஃப்எஸ் பேக்கப்பை மீட்டுங்கள்.

*எதுவுமே சரிவரவில்லை.* டவுன்லோட் மோட் வரும்வரை நம்பிக்கை உண்டு. அதே மாடலுக்குரிய அசல் நிலைப்பொருளை ஒடின் வழியே போடலாம். டவுன்லோட் மோடும் வரவில்லை என்றால் வீட்டில் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை. பழுதுபார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

சிங்கப்பூரில் இருப்போர் கவனத்திற்கு

உங்கள் முதன்மைப் போனில் இதைச் செய்யாதீர்கள். மாற்றப்பட்ட போன்களில் வங்கிச் செயலிகளும் சிங்பாஸும் வேலை செய்யாமல் போகலாம். மோசடிகள் பெருகியதால் 2023 ஆகஸ்ட்டில் ஓசிபிசி வங்கி, ஆபத்தான அனுமதி கொண்ட வெளிச் செயலிகள் போனில் இருந்தால் தன் செயலியைத் தடுக்கத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கூகல், அத்தகைய செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் முறையை இங்கேதான் முதலில் சோதித்தது. சாம்சங் போன்களில் இன்னொன்று: அதிகாரபூர்வமற்ற மென்பொருளைப் போட்டதும் நாக்ஸ் குறி மாறிவிடும். அசலுக்குத் திரும்பினாலும் அது பழையபடி ஆகாது.

பள்ளி வழியாக வாங்கிய தனிப்பட்ட கற்றல் கருவியைத் தொடவே கூடாது. அதற்கும் பேக்கப் தேவை என்பதை 2024 ஆகஸ்ட் நமக்குக் காட்டியது. அப்போது கருவி நிர்வாக மென்பொருளில் நடந்த ஊடுருவலால் 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அந்த மாணவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. குறிப்புகளை வேறோர் இடத்திலும் வைத்திருந்தவர்களே தப்பினார்கள்.

கலைச்சொற்கள்

ஃபெர்ம்வேர் – நிலைப்பொருள்
பூட்லோடர் – துவக்கி
ரிகவரி – மீட்புத் தளம்
பேக்கப் – காப்புநகல்

சிந்திக்க

1. "பேக்கப் எடுத்தேன்" என்பதற்கும் "பேக்கப்பைச் சோதித்தேன்" என்பதற்கும் என்ன வேறுபாடு?
2. பிழைச் செய்தியைத் தடையாகப் பார்ப்பதா, பாதுகாப்பாகப் பார்ப்பதா? இரு தரப்பிலும் பேசிப் பழகுக.

அந்த மாணவர், பயிற்சிக்காக எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஆறு பதிவுகள் மட்டும் என் போனில் இருந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பினேன். தாத்தாவின் குரல் அதில் இல்லை. நல்லவேளை, தாத்தா இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போய் உட்கார்ந்து பதிவுசெய்தார். இம்முறை அன்று இரவே கணினியில் ஒரு நகல், அக்காவின் போனில் ஒரு நகல். "ரெண்டு இடத்துலயும் ஓட விட்டுக் கேட்டுட்டேன் சார்" என்றார்.