கட்சிப் பிணக்கும் கருவூலக் கதவும்

அரசு இயங்க இரண்டு வேண்டும். ஒன்று மக்கள் அவையின் நம்பிக்கை; மற்றொன்று செலவுக்கு அவ்வவை தரும் இசைவு. இவ்விரண்டையும் இணைத்தும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். கட்சிப் பூசல் முற்றும்போது நாட்டுக்கு என்ன நேரும் என்பது இதைப் பொறுத்ததே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவை பிரிந்துள்ளன. அதிபரும் காங்கிரசும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுவதால், நிதிச் சட்டம் தடைப்பட்டாலும் அதிபர் பதவி இழப்பதில்லை, அலுவலகங்களே அடைபடுகின்றன. 1980க்கு முன் சட்டம் தாமதித்தாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் நடந்தே வந்தன. அவ்வாண்டு அரசின் தலைமைச் சட்ட அதிகாரி வழங்கிய கருத்தே நிலைமையை மாற்றியது. பின்னர் 1995-96இல் 21 நாள், 2018-19இல் 35 நாள், 2025இல் 43 நாள் என அடைப்பு நீண்டது. ஊதியமின்றித் தவித்தோர் ஊழியர்களே.

மலேசியாவில் இரண்டும் இணைந்துள்ளன. வரவு செலவுத் திட்டம் தோற்றால் அமைச்சரவை நிலைக்காது என்பது மரபு. 2020 டிசம்பரில் முகைதீன் யாசின் அரசின் திட்டம் 111க்கு 108 என்ற கணக்கில் தப்பியது. ஆகவே இங்கே பூட்டு விழும் இடம் வேறு: பெரும்பான்மை யாருக்கு என்பதே அது.

பேராக் இதற்குச் சான்று. 2008 தேர்தலில் அம்மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் மக்கள் கூட்டணி 31, தேசிய முன்னணி 28 பெற்றன. 2009 பிப்ரவரியில் மூவர் அணி மாற, ஆட்சியும் மாறியது. மார்ச் 3ஆம் நாள் மன்றக் கட்டடம் அடைக்கப்பட்டிருந்ததால், சபாநாயகர் வி. சிவகுமார் மரத்தடியில் அவையைக் கூட்டினார். மே 7ஆம் நாள் அவரே அவையினின்றும் இழுத்து அகற்றப்பட்டார். 2010 பிப்ரவரியில்தான் கூட்டரசு நீதிமன்றம் சம்ரியே முறையான மந்திரி புசார் எனத் தீர்ப்பளித்தது.

2022 நவம்பரில் இதே சிக்கல் நாடு தழுவியது. சுங்கை பூலோவில் நம்பிக்கைக் கூட்டணியின் இரமணன், தேசிய முன்னணியின் கைரி ஜமாலுடினை 2,693 வாக்குகளில் வென்றார். ஆயினும் நாடாளுமன்றத்தில் எவ்வணிக்கும் 112 இடம் கிட்டவில்லை. ஐந்தே நாளில், சுங்கை பூலோவில் மோதிய இரு அணிகளும் அன்வார் தலைமையில் ஒரே அரசாயின. அக்டோபரில் படைக்கப்பட்ட திட்டமோ நாடாளுமன்றக் கலைப்பால் நிறைவேறாமலே நின்றது. நிதியாண்டு ஜனவரி முதல் நாள் தொடங்குமாகையால், அரசியலமைப்பின் 102ஆம் பிரிவைக் கொண்டு டிசம்பரில் ஏறத்தாழ 10,770 கோடி ரிங்கிட்டுக்கு இடைக்கால இசைவு பெறப்பட்டது. அரசு ஆசிரியர்க்கு ஜனவரிச் சம்பளம் வந்த வழி அதுவே.

கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டமும் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. தனியே கட்சி விட்டு விலகும் உறுப்பினர் இடம் இழப்பார். பேராக்கின் மூவரைப் போன்றோரை இத்தகைய சட்டம் பிடிக்கும். ஆனால் கட்சியே முழுதாக அணி மாறினால் சட்டம் வாளாவிருக்கும். 2020இல் பெர்சத்து கட்சி செய்தது அவ்வாறானதே.

பிணக்கு மக்களாட்சியின் குற்றமன்று, அதன் இயல்பு. பிணக்கின் விலையை எவர் செலுத்துகிறார் என்பதே அளவுகோல். அதனை அமைச்சரவை செலுத்துமாயின் மக்கள் வாழ்வு தொடரும். கடைநிலை ஊழியர் செலுத்த நேர்ந்தால், அங்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் குடியியல் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.