விமானம் வேறு ஊரில் இறங்கினால்: எரிபொருளும் பயணியின் உரிமையும்

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 141 பயணிகளுடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமடித்தது. ஹைட்ராலிக் கோளாறு. எடை குறைந்தால்தான் பத்திரமாக இறங்க முடியும் என்பதால் எரிபொருளை எரித்துத் தீர்த்தார்கள். மழைக்காலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. இறங்க வழியில்லாமல் சுற்றும் விமானத்துக்கு எரிபொருள் மிச்சம் இருந்தாக வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக்காரர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சியிலோ சென்னையிலோதான் விமானம் ஏறுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பயணங்கள் தடம் மாறுவது சகஜம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள்.

டாங்கில் எவ்வளவு இருக்கும்?

சேருமிடம் வரை போக ஒரு பங்கு. எதிர்பாராத செலவுக்கு அதில் சுமார் 5 சதவீதம். அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக இன்னொரு பங்கு. இவை போக, ஜெட் விமானம் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான கடைசி இருப்பு. இது விதைநெல் மாதிரி. சாதாரண நாளில் கைவைக்கக் கூடாது.

அந்தக் கடைசி இருப்பை நெருங்கும் நிலை வந்தால் விமானி ‘மினிமம் ஃப்யூயல்’ என்பார். இனிமேல் தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை அது. இறங்கும்போது கடைசி இருப்பு குறைந்துவிடும் என்று கணக்கு காட்டினால் ‘மேடே’ என்ற அபாய அழைப்பை மும்முறை சொல்லி ‘ஃப்யூயல்’ என்று அறிவிக்க வேண்டும். உடனே மற்ற விமானங்களை விலக்கி இதற்கு வழிவிடுவார்கள்.

2025 ஜூன் 19 அன்று குவாஹாட்டியிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம், இங்கே இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பி மேடே அறிவித்தது. 168 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். 2015 ஆகஸ்ட் 18 அன்று தோஹாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானமோ, அங்கே மூன்று முறை முயன்ற பிறகே திருவனந்தபுரம் போனது. அங்கும் வானிலை மோசம். மொத்தத்தில் ஏழாவது முயற்சியில் தரை தொட்டபோது டாங்கு ஏறக்குறைய காலி. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே ஏவியாங்கா விமானம் விழுந்து 73 பேர் இறந்ததற்கு, எரிபொருள் அவசரநிலையை விமானிகள் முறைப்படி அறிவிக்காததும் ஒரு காரணம்.

ஆகவே, நேரத்தோடு வேறு ஊருக்குத் திருப்புவதுதான் பாதுகாப்பு. “சென்னையிலேயே இறக்குங்கள்” என்று பணிப்பெண்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கேட்க வேண்டியதைத் தரையில் கேளுங்கள்.

என்ன கேட்கலாம்?

- விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, பயண நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத் தாமதத்துக்கு மேல் இலவச உணவு, சிற்றுண்டி.
- உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம்.
- 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ தங்குமிடம்.

புயல், மழை, கட்டுப்பாட்டு அறை உத்தரவு ஆகியவற்றால் வந்த தாமதத்துக்கு இழப்பீட்டுத் தொகை கிடையாது. அதற்காகச் சாப்பாடு கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) இருந்தால் மாற்று ஏற்பாட்டை நிறுவனத்திடம் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்கள் தலையில் விழலாம். இரண்டு விமானங்களுக்கும் நடுவே போதிய நேரம் விட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

எங்கே முறையிடுவது?

போர்டிங் பாஸ், குறுஞ்செய்திகள், சாப்பாடு, டாக்சி ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் ‘வானிலை’ என்ற பதிலைச் சோதிக்க அதுதான் உதவும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், அடுத்து மத்திய அரசின் ஏர்சேவா புகார் தளம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விமானம் இறங்கிய ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டே ஆண்டு.