எந்த மூன்று அளவுகள்?

ஆற்றின் அக்கரையில் ஒரு மரம் நிற்கிறது. ஆற்றிலோ வெள்ளம், படகும் இல்லை. இக்கரையில் இருந்தபடியே ஆற்றின் அகலத்தைச் சொல்ல முடியுமா? முடியும். பள்ளியில் படிக்கும் வடிவ கணிதமே போதும்.

மரத்திற்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு முளை அடியுங்கள். அது அ. அங்கிருந்து, மரத்தை நோக்கும் கோட்டுக்குச் செங்குத்தாகக் கரையோரம் 20 மீட்டர் சென்று ஆ என்ற முளையை அடியுங்கள். அதே நேர்கோட்டில் இன்னும் 20 மீட்டர் சென்று இ என்ற முளையை அடியுங்கள். இனி ஆற்றுக்கு முதுகைக் காட்டி, இ-யிலிருந்து செங்குத்தாக நடந்து செல்லுங்கள். அடிக்கடி திரும்பிப் பாருங்கள். ஆ முளை மரத்தை நேராக மறைக்கும் இடத்தில் நில்லுங்கள். அது ஈ. இ-க்கும் ஈ-க்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவே அ-விலிருந்து மரம் வரை உள்ள தூரம்!

காரணம் என்ன? இங்கே இரண்டு முக்கோணங்கள் அமைந்துள்ளன. அ, இ இரண்டும் செங்கோணங்கள். ஆ-வில் உள்ளவை குத்தெதிர்க் கோணங்கள். ஆகவே அவையும் சமம். இடைப்பட்ட பக்கங்கள் இரண்டும் 20 மீட்டர். எனவே கோ-ப-கோ விதிப்படி இவை சர்வசம முக்கோணங்கள். ஒன்றை வெட்டித் திருப்பி வைத்தால் மற்றதன்மேல் அப்படியே பொருந்தும்.

ஒரு முக்கோணத்தில் மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள் என ஆறு அளவுகள் உள்ளன. தக்க மூன்றை அறிந்தால் மற்றவை தாமே முடிவாகிவிடும். சர்வசமத்தின் உட்பொருள் இதுதான். ஆனால் எந்த மூன்றும் போதுமா? மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்தால் போதாது. அதே வடிவத்தில் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ முக்கோணங்கள் வரையலாம்.

சரி, இரண்டு பக்கங்களும் இடைப்படாத ஒரு கோணமும் தெரிந்தால்? வரைந்தே பாருங்கள். ஒரு நீண்ட கோட்டின் முனை ப. அதில் 30 பாகைக் கோணம் வரைந்து, சாய்ந்த கோட்டில் 8 செ.மீ. தூரத்தில் ம எனக் குறியுங்கள். கவராயத்தை ம-வில் ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். அது அடிக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும்! ப-விலிருந்து ஒன்று சுமார் 3.9 செ.மீ., மற்றது சுமார் 9.9 செ.மீ. தூரத்தில் இருக்கும். அளவுகள் மாறவில்லை, முக்கோணங்களோ இரண்டு. ஆற்றை இப்படி அளந்திருந்தால் எந்த விடையை நம்புவது? அதனால்தான் 'ப-ப-கோ' என்ற விதி பாடநூலில் இல்லை.

தக்க மூன்றின் வலிமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில், பரங்கிமலைக்கு அருகே, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்தார். பிறகு அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தைத் தியோடலைட் கருவியால் நோக்கிக் கோணங்களை அளந்தார். ஒரு பக்கம், இரண்டு கோணங்கள், முக்கோணம் முடிவாகிவிட்டது! கணக்கிட்டுக் கண்ட பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாயிற்று. இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்து, அந்த அளவைப் பணி இமயம் வரை சென்றது.

நீங்களும் பள்ளி மைதானத்தில் முளை அடித்துப் பாருங்கள். ஆற்றுக்குப் பதில் மைதானத்தின் அகலத்தை அளந்தால், நாடாவால் சரிபார்த்தும் கொள்ளலாம்.