மருந்துக்கு முன் வேண்டிய அளவுகோல்

எக்ஸ் குரோமோசோமில் உள்ள சி.டி.கே.எல்.5 என்னும் மரபணுவில் பிழை நேரும்போது, மூளை நரம்பணுக்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைவதற்குத் தேவையான ஒரு புரதம் குறைந்துபோவதால், அம்மரபணுவின் பெயராலேயே அழைக்கப்படும் அரிய வலிப்பு நோய் உண்டாகிறது. ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பெண் குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படும் இந்நோயில், வலிப்பு பெரும்பாலும் பிறந்த மூன்று மாதங்களுக்குள் தொடங்கி, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் நீடிப்பதோடு, பேச்சு, நடை, பார்வை ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன. மரபணுப் பிழை பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதே. பெற்றோரிடம் அது இருப்பதில்லை.

இவ்வளவு அரிதான நோயில் ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு முன்பு, மருந்தில்லாதபோது நோய் எவ்வாறு போகும் என்பதை, அதாவது அதன் இயல்பான போக்கை, பல ஆண்டுகள் கவனித்துப் பதிவு செய்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2012இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தரவுத்தளம், பல நாட்டுக் குடும்பங்களிடமிருந்து இத்தகைய விவரங்களைத் திரட்டியது.

இந்நோயின் வலிப்புகளுக்கான கனாக்ஸலோன் என்ற மருந்தின் சோதனையில் எட்டு நாடுகளிலிருந்து 101 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்துபோலவே தோன்றும் போலி மருந்தும் 17 வாரங்கள் தரப்பட்டன. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாது. கைகால்களை உலுக்கும் பெரிய வலிப்புகளின் எண்ணிக்கையில் ஏற்பட்ட இடைநிலைக் குறைவு, மருந்து பெற்றவர்களிடம் 30.7 விழுக்காடாகவும் மற்றவர்களிடம் 6.9 விழுக்காடாகவும் இருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 மார்ச்சில் அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் நாள்தோறும் குறித்துவைத்த கணக்கே சோதனையின் முடிவுக்கு அடிப்படையாக இருந்ததால், ஒரே குழந்தைக்கு வரும் பலவகை வலிப்புகளை வேறுபடுத்தி அறிய அவர்களைப் பழக்குவதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகிறது.

வலிப்பைப் போலல்லாமல், வளர்ச்சியை எண்ணிக் காட்ட இயலாது என்பதே கடினமான சிக்கல். பொதுவான வளர்ச்சி அளவைகள், இயல்பாக வளரும் குழந்தைகளையொட்டி அமைக்கப்பட்டவை என்பதால், இந்நோயுள்ள பெரும்பாலோர் அவற்றின் அடித்தட்டிலேயே நின்றுவிடுகின்றனர். தலை நிமிர்ந்து நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது போன்ற முன்னேற்றங்கள், பெற்றோருக்கு எவ்வளவு பெரியவையாயினும், அங்கே மதிப்பெண்ணாக மாறுவதில்லை. ஆகவே இந்நோய்க்கெனத் தனி அளவைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.

மரபணுச் சிகிச்சையை எதிர்நோக்கும் இக்காலத்தில் இப்பணி மேலும் அவசரமாகிறது. தீங்கற்ற வைரஸ் ஒன்றின் வழியாக நல்ல மரபணுவை உடலுக்குள் செலுத்தும் அச்சிகிச்சையைத் தந்தபின் திரும்பப் பெற முடியாது. உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களால் இரண்டாம் முறை தருவதும் கடினம். எதை அளப்பது என்று பிறகு யோசிக்கலாம் என விட்டுவைக்க அதில் இடமில்லை.

பிறந்த சில மாதங்களிலேயே காரணம் தெரியாத வலிப்பு தொடங்கிய குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்வது குறித்துப் பெற்றோர் நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோய் உறுதியானால், நோயாளர் பதிவேட்டில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.