டிப்பர் வாங்குமுன் எடையைப் பாருங்கள்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் ராஜீவ் ரஹதாரியில், லோத்குண்டா போன்ற பகுதிகளில் மணல், ஜல்லி ஏற்றும் தொழிலுக்கு டிப்பர் வாங்க விழைவோர், பெட்டி எத்தனை கன மீட்டர் என்றே முதலில் கேட்கின்றனர். நாம் முதலில் பார்க்கச் சொல்வது எடையை.

2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய வரம்பின்படி, பத்துச் சக்கர லாரி சரக்குடன் 28.5 டன் வரை இருக்கலாம். வெற்று வண்டி 11 டன் எனக் கொண்டால், சரக்குக்கு எஞ்சுவது 17.5 டன். உலர்ந்த மணல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன், ஆகவே 11 கன மீட்டர் அளவே ஏற்றலாம். 16 கன மீட்டர் பெட்டியை நிரப்பினால் எட்டு டன் மிகுந்துவிடும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரே நடையில் 36,000 ரூபாய்! ஈர மணலோ இன்னும் கனமானது.

பெரிய பெட்டி வீணன்று. நிலக்கரி போன்ற இலகுவான சரக்குக்கு அதுவே ஏற்றது. மிகைப் பாரத்தை நம்பித் தவணையைக் கணக்கிடுவதே ஆபத்து. கடன் விண்ணப்பத்தில், அனுமதிக்கப்பட்ட எடைக்குரிய வாடகையை மட்டும் வருவாயாகக் காட்டுமாறு வேண்டுகிறோம். அவ்வருவாய் தவணைக்குப் போதாதெனில், முன்பணத்தைக் கூட்டலாம். அல்லது விலை குறைந்த வண்டியைத் தேரலாம்.