10 வயசுப் பூனைக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? பாலிசி எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரகடத்தில் வேலை. சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் அம்மாவும் 10 வயசுப் பூனையும். ஒரு நாள் இப்படி போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "ரெண்டு நாளா அது எதுவும் சாப்பிடலடா. தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கு."

அந்த நேரத்தில் தேட வேண்டியது டாக்டரைத்தான். பூனை இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரல் பாதிக்கப்படலாம். ஆனால் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்த பிறகு பலருக்கும் வரும் அடுத்த கேள்வி: "இதுக்கு இன்சூரன்ஸ் இல்லையா?"

இருக்கிறது. ஆனால் வயசான பூனைக்கு அது அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

மாட்டுக்கு உண்டு, முயலுக்கும் உண்டு

கிராமத்தில் 'இன்சூரன்ஸ்' என்றால் பசு மாட்டின் காதில் இருக்கும் தோடுதான் நினைவுக்கு வரும். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மாடு, எருமை, ஆடு, பன்றி, முயலுக்குக்கூட மானியத்துடன் காப்பீடு உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, இதில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம்தான்.

இந்தப் பட்டியலில் பூனை இல்லை. காரணம், இந்தத் திட்டம் காப்பது வாழ்வாதாரத்தை. மாடு இறந்தால் குடும்பத்தின் வருமானம் போகும், அதற்குத்தான் இழப்பீடு. செல்லப்பிராணி பாலிசி வேறு வகை. அது முக்கியமாக மருத்துவச் செலவுக்கானது. மானியம் கிடையாது, காப்பீட்டு நிறுவனங்களிடம் முழு பிரீமியமும் கட்டித்தான் வாங்க வேண்டும்.

வயசு ஏன் தடை?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றின்படி, வாரிய உறுப்பினராக 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். பூனை பாலிசியிலும் இப்படித்தான், கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு.

இதில் இரண்டு வயதுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, புதிதாகச் சேரும் வயது. இன்னொன்று, எந்த வயது வரை புதுப்பிக்கலாம் என்பது. சின்ன வயதிலேயே சேர்ந்த பூனைக்கு 10 வயதிலும் பாலிசி தொடரலாம். அதே 10 வயதில் முதன்முறையாகப் போனால் கதவு மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

மருத்துவக் கணக்கில் 7 வயது தாண்டினால் பூனை நடுத்தர வயது, 10 தாண்டினால் முதுமை. சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, சர்க்கரை நோய், பல் பிரச்சினை, மூட்டுவலி எல்லாம் வரிசையாக வரும் பருவம் அது.

மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில், 65 வயதுக்கு மேல் ஆனவர்களுக்கும் புதிய பாலிசி கிடைக்க 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழிசெய்தது. ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 ஆண்டு என்று குறைக்கப்பட்டது. பூனை பாலிசிக்கு இந்தப் பாதுகாப்புகளை எதிர்பார்க்க முடியாது. 'ஏற்கனவே இருந்த நோய்' என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

எதற்குப் பணம் வரும், எதற்கு வராது?

அடிப்படை பாலிசி பொதுவாக அறுவை சிகிச்சைக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்ப்பதற்கும்தான். ஓ.பி. செலவு, நீண்டகால சிகிச்சை, இறப்பு, காணாமல் போவது போன்றவை தனித்தனி கூடுதல் கவர்கள்.

ஒரு உதாரணக் கணக்கு: காப்பீட்டுத் தொகை ரூ.30,000. நம் பங்கு, அதாவது கோ-பே, 10 சதவீதம். கட்டி அகற்ற ரூ.20,000 பில் வந்தால் நிறுவனம் ரூ.18,000 தரும், நாம் ரூ.2,000 கட்டுவோம். ஆனால் அறுவை சிகிச்சைக்கு ரூ.12,000 என்று உள்வரம்பு இருந்தால் கணக்கே மாறிவிடும்.

சிறுநீரகக் கோளாறு என்றால்? அதற்குப் பெரிய ஆபரேஷன் கிடையாது. ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஸ்பெஷல் உணவு, டிரிப்ஸ் என்று மாதாமாதம் சின்னச் சின்னச் செலவுகள். ஓ.பி. கவர் இல்லாவிட்டால் இதில் பெரும்பகுதி நம் பாக்கெட்டில் இருந்துதான் போகும். வயசான பூனைக்கு பாலிசி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- சேரும் வயது, புதுப்பிக்கும் வயது இரண்டும் என்ன?
- நாட்டுப் பூனைக்கும் உண்டா, இல்லை ஜாதிப் பூனைக்கு மட்டுமா?
- வயதுக்கு என்ன ஆதாரம்? தெருவில் இருந்து எடுத்து வளர்த்த பூனை என்றால், டாக்டர் பல்லைப் பார்த்து மதிப்பிட்டுத் தரும் சான்று போதுமா?
- தடுப்பூசி அட்டை கட்டாயமா? ஒரு வருடம் தவறினால் க்ளைம் நிராகரிக்கப்படுமா?
- காத்திருப்புக் காலம், உள்வரம்பு, கோ-பே எவ்வளவு?
- அரசு கால்நடை மருத்துவமனையின் சீட்டும் பில்லும் ஏற்கப்படுமா?

பதில்களை ஈமெயிலில் வாங்கி வைப்பது நல்லது. ஏற்கனவே நோய் இருந்தால் மறைக்கவே கூடாது. அதைக் காட்டித்தான் பின்னால் க்ளைமை மறுப்பார்கள்.

பாலிசி எடுத்த பிறகு மனசு மாறினால்? 2024 ஜூன் மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையின்படி, ஓராண்டு வரையிலான தனிநபர் பொதுக் காப்பீட்டு பாலிசியைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். க்ளைம் எதுவும் வாங்காதிருந்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்ப வரும். க்ளைம் தகராறு என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார், அடுத்து 'பீமா பரோசா' தளம் அல்லது 155255 என்ற எண். அதிலும் தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்.

பாலிசி கிடைக்கவே இல்லை என்றால்?

கட்டியிருக்கக்கூடிய பிரீமியத்தை நாமே சேர்த்து வைப்பதுதான் அடுத்த வழி. மாதம் ரூ.500 போட்டால் வருடத்துக்கு ரூ.6,000 கையில் இருக்கும். தபால் நிலைய ஆர்.டி. இதற்குச் சரிவராது, 5 வருடத் திட்டத்தை 3 வருடத்துக்குப் பிறகுதான் முன்கூட்டி முடிக்க முடியும். அவசரத்துக்கு எடுக்க, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கே போதும்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. அரசு கால்நடை மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவு. ஸ்கேன், சிறப்பு சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான காப்பீடு வீட்டிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, நம் எடையைக் கழித்துக் குறித்து வைக்கலாம். எடை இறங்குவதும் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் நோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கலாம். இந்த ஒரு விஷயத்தை இன்றைக்கே அம்மாவிடம் போன் பண்ணிச் சொல்லிவிடுவது நல்லது.