லஞ்சத்துக்கும் ஊர்ப் பழக்கம் உண்டு, தெரியுமா?

நம்ம ஊர் அதிகாரி கேட்கும் 'மாமூல்' உருது வழியாக வந்த சொல். பொருள், வழக்கம்! பெயரிலேயே வாக்குமூலம். கென்யாவில் 'சாய்', அதாவது டீ. மெக்சிகோவில் 'மோர்திதா', அதாவது ஒரு கடி.

ஹாங்காங்கிலும் 'டீக் காசு'தான். 1970-களின் தொடக்கம் வரை, வீடு எரியும்போதும் காசு கைக்கு வந்த பிறகே குழாயைத் திறந்த தீயணைப்பு வீரர்கள் அங்கே இருந்தார்கள். கான்டனீஸ் கொச்சை வழக்கில் தண்ணீருக்கும் பணத்துக்கும் ஒரே சொல், பாருங்கள்! 1974-ல் தனி ஊழல் தடுப்பு ஆணையம் வந்த பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது.

இதைவிட வேடிக்கை நியூயார்க்கில். 2002 வரை அங்கே ஐ.நா. தூதர்கள் நோ பார்க்கிங்கில் காரை நிறுத்தினால் சீட்டு கிழிப்பார்கள்; ஆனால் அபராதத்தை வசூலிக்க முடியாமல் இருந்தது. 1997 முதல் 2002 வரை கட்டாத சீட்டுகள் 1,50,000-க்கும் மேல்! ஃபிஸ்மன், மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள் உட்கார்ந்து நாடுவாரியாக எண்ணினார்கள். குவைத் தூதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 240-க்கு மேல். மூன்று நாளுக்கு இரண்டு! ஸ்வீடன், நார்வே, ஜப்பான்? பூஜ்யம். ஒரே தெரு, ஒரே சலுகை. ஆனால் ஊழல் மலிந்த நாட்டுத் தூதர்களுக்கே சீட்டும் அதிகம். பழக்கம் பெட்டி படுக்கையோடு விமானம் ஏறியிருக்கிறது! சரி, திருத்தவே முடியாதா? 2002 கடைசியில் நம்பர் பிளேட்டைப் பிடுங்கும் அதிகாரம் நகருக்கு வந்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் சரிந்தன.

பூஜ்யம் வாங்கிய ஸ்வீடனில் அரசு ஆவணத்தை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்ற சட்டம் வந்தது 1766-ல். (நமக்கு 2005-ல்!) அங்கே 1995-ல் துணைப் பிரதமர் மோனா சாலின், அரசு அட்டையில் சொந்தச் செலவு செய்து மாட்டினார். பட்டியலில் இரண்டு டோப்லரோன் சாக்லேட்டும் உண்டு. பிரதமர் பதவிப் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது.

இன்னொரு பூஜ்ய நாடான ஜப்பானில் 2014-ல் நீதி அமைச்சர் பதவி விலகியது எதற்கு? தொகுதி வாக்காளர்களுக்குக் காகித விசிறி கொடுத்ததற்கு! 2019-ல் இன்னோர் அமைச்சர் போனது, சாவு வீட்டு மொய்யால். அங்கும் உறையில் பணம் வைப்பது மரபுதான். அவர் செய்த தப்பு, உறையை உதவியாளரிடம் கொடுத்தனுப்பியது. தானே போய் வைத்திருந்தால் தண்டனை கிடையாது.